வரதன் வயிற்றில் பதினாறு சென்டிமீட்டர்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வரதனின் வயிற்றைத் திறப்பது என்று சனிக்கிழமை மதியம் ஒன்றே காலுக்கு முடிவாகிவிட்டது.

முடிவு செய்தவர் சர்ஜன். மேஜையில் ஈரம் காயாத ஸ்கேன் ரிப்போர்ட். கட்டிலில் வரதன். சர்ஜன் அடிவயிற்றில் நான்கு விரல்களை வைத்து அழுத்தினார். காற்றடைத்த பந்தைத் தொட்டது போல விரல்கள் திரும்பி வந்தன.

"வலிக்குதா?"

"இல்ல சார்." வரதனின் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. பற்களை இறுகக் கடித்திருந்தான்.

"பெரிய நீர்க்கட்டி. பதினாறு சென்டிமீட்டர். அது அழுத்துறதுல ரெண்டு கிட்னியும் வீங்கிப் போயிருக்கு. விட்டா கிட்னி கெட்டுடும். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வெறும் வயித்தோட வந்து அட்மிட் ஆயிடுங்க."

"சார், செவ்வாய்க்கிழமை புது கிரேன் ஏறணும் சார்..."

"கிரேனை வேற யாராவது ஓட்டுவாங்க."

கத்தி அப்போதே இறங்கிவிட்டது.

வரதன், வயது நாற்பத்திரண்டு, வியாசர்பாடி. ஹார்பரில் கிழக்குக்கரை கார்கோ கம்பெனியின் கிரேன் ஆபரேட்டர். பதினாறு வருடமாகக் கப்பலிலிருந்து பெட்டி பெட்டியாகத் தூக்கி லாரியில் வைக்கிறவன். லாரியின் நாலு மூலைக்கும் பெட்டியின் நாலு மூலைக்கும் ஒரே தடவையில் பொருத்தம் பார்த்து இறக்கிவிடுவான். இந்த 2003-ல் கம்பெனி புதிதாக ஒரு கிரேன் வாங்கியிருந்தது. கேபினுக்கு ஏறவே நூற்றி நாற்பது படி. அதற்கு இரண்டே ஆபரேட்டர்கள் தேர்வாகியிருந்தார்கள். பகல் ஷிப்ட்டுக்கு வரதன், ராத்திரி ஷிப்ட்டுக்கு அவன் தோஸ்து கமால். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் கப்பல். அதற்குள் இருவரும் கம்பெனி அனுப்பும் ஸ்கேனுக்குப் போய் மெடிக்கல் சர்ட்டிபிகேட் கொடுத்தாக வேண்டும். கமால் கொடுத்துவிட்டான்.

வரதனுக்கு ஒரு வாரமாக இடது விலாவுக்குக் கீழே சுருக் சுருக்கென்று ஒரு வலி. மூச்சுவிடாமல் மறைத்திருந்தான். ஸ்கேன் மறைக்கவில்லை.

ஆபரேஷன் என்றால் மூன்று மாதம் கேபின் கிடையாது. கீழே வெயிலில் நின்று நோட்டில் பெட்டி நம்பர் எழுத வேண்டும். மூன்று மாதம் கழித்துப் போனால் அந்த சீட்டில் வேறொருவன் உட்கார்ந்து பழகியிருப்பான். பழகியவனை யார் எழுப்புவார்கள்?

சர்ஜன் அறையை விட்டு வெளியே வந்தவன் வாசலில் காத்திருந்த கமாலிடம் சொன்ன முதல் வார்த்தை, "வண்டிய எடு."

இரண்டாவது வார்த்தை, பேசின் பிரிட்ஜ் தாண்டியதும். "நிறுத்து."

ரயில்வே காம்பவுண்டுச் சுவர் ஓரமாக ஓடியவன் திரும்பி வர ரொம்ப நேரம் ஆனது.

*

மாலை ஆறு மணிக்கு வரதனின் மனைவி ரமாபாய் வேலையிலிருந்து வந்தாள். தண்டையார்பேட்டை எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். அளவு டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றாமலேயே வீடு வந்து சேருகிற ரகம். காலர் கால் இன்ச் கோணினால் நூறு சட்டைகளைத் திருப்பி அனுப்புவாள்.

கமால் விஷயத்தைச் சொன்னான். ரமாபாய் அழவில்லை. ரிப்போர்ட்டை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

"படு."

"இன்னாம்மே..."

"படுய்யா சொல்றேன்."

வரதன் பாயில் படுத்தான். ரமாபாய் அவன் அடிவயிற்றைப் பிசைந்து பார்த்தாள். மேலே, கீழே, குறுக்கே. பரோட்டா மாவு மாதிரி குழைந்தது.

"எங்கய்யா கட்டி?"

"உள்ள கீதாம்."

"பதினாறு சென்டிமீட்டர்யா! சின்னப் புள்ள சட்டைக் கை நீளம். அது எப்டி கைக்கு ஆம்புடாத பூடும்? கமாலு, அந்த டாக்டர் தொட்டுப் பார்த்தாரா?"

"பார்த்தாராம் ரமா. கெட்டியா இருந்துச்சாம். அவ்ளோ இன்னாத்துக்கு, ஸ்கேன் முடிஞ்சி வந்தப்போ மாமுக்கு பேண்ட் கொக்கி மாட்டல. நான்தான் பின்னு குத்தி வுட்டேன்."

ரமாபாய் எழுந்து, கொடியில் தொங்கிய அதே பேண்ட்டை எடுத்தாள். "போடு." போட்டான். கொக்கி மாட்டியது. மாட்டியது மட்டுமல்ல, இரண்டு விரல் உள்ளே போனது. டேப்பை எடுத்துச் சுற்றினாள்.

"முப்பத்தி நாலு. காலைல கொக்கி மாட்டல, இப்போ லூசா கீது. கட்டி இன்னா, அரை நாள் லீவு போட்டு ஊருக்குப் பூட்டுதா?"

"எனக்கு இன்னா தெரியும்? டாக்டரு சொல்றாரு..."

"ஒரு பீஸ் ரெண்டு அளவு காட்டுதுன்னா எங்க கம்பெனில அதை வெட்ட மாட்டாங்க. மறுபடி அளப்பாங்க. நாளைக்கு கார்குழலிகிட்ட போறோம்."

"ஞாயித்திக்கிழமையா?"

"ஆபரேஷன் திங்கட்கிழமைய்யா. செவ்வாய்க்கிழமையா போய் கேக்கச் சொல்ற?"

*

டாக்டர் கார்குழலி, புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் ரமாபாய் வளர்ந்த அதே பிளாக்கின் மூன்றாவது மாடியில் வளர்ந்தவள். இப்போது ராயபுரத்தில் ஒரு சி.டி. ஸ்கேன் சென்டரின் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை அரை நாள் திறப்பாள். வேலை நேரத்தில் சுத்தமான புத்தகத் தமிழுக்குப் பக்கத்திலேயே நிற்பாள். கோபம் வந்தால் மட்டும் மூன்றாவது மாடி வெளியே எட்டிப் பார்க்கும்.

ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, முதலில் ரத்தம் எடுக்கச் சொன்னாள். அரை மணி நேரத்தில் வந்த ரிசல்ட்டைப் பார்த்ததும் அவள் புருவம் ஏறியது.

"விசித்திரமா இருக்கே அக்கா. ரெண்டு கிட்னியும் இவ்ளோ வீங்கியிருந்தா ரத்தத்துல உப்பு ஏறியிருக்கணும். இது காலேஜ் பையன் ரத்தம் மாதிரி இருக்கு."

"நல்லதா, கெட்டதா?"

"பொய் சொல்றாங்க. ஸ்கேன் பொய் சொல்லுது, இல்ல ரத்தம் பொய் சொல்லுது." அவள் வரதனிடம் திரும்பினாள். "காலைல தண்ணி குடிச்சீங்களா?"

"ரெண்டு பாட்டில் குடிச்சேன். நேத்து ஸ்கேன் சீட்டுல எழுதி இருந்துச்சே."

"அது சாதா ஸ்கேனுக்கு. பரவாயில்ல, பாத்ரூம் போயிட்டு வந்து படுங்க."

வரதன் பாத்ரூமுக்குள் போனான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெளியே வந்தான்.

"போயிட்டீங்களா?"

"ஆச்சு மேடம்."

டெக்னீஷியன் சிவந்தி அவனை மெஷின் பலகையில் படுக்க வைத்தாள். பெரிய வடை போன்ற வளையத்துக்குள் பலகை வழுக்கிக்கொண்டு போனது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் வரதனின் வயிறு, ரொட்டித் துண்டு போல, ஒவ்வொரு துண்டாக விழ ஆரம்பித்தது.

கார்குழலி துண்டு துண்டாக நகர்த்தினாள். கல்லீரல், சுத்தம். இரண்டு கிட்னியும் வீக்கம், உண்மைதான். கீழே வந்தாள்.

இருந்தது.

கறுப்பாக, முட்டை வடிவில், அடிவயிறு முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு பை. அளந்தாள். பதினாறு.

"அய்யோ, நிஜமாவே இருக்கு மேடம்!" என்றாள் சிவந்தி.

கார்குழலி படத்தை இன்னும் ஒரு துண்டு நகர்த்தினாள். பைக்குப் பின்னால், இடது பக்கத்தில், குண்டூசித் தலை போல ஒரு வெள்ளைப் புள்ளி. அதைக் குறித்துவைத்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வியை முணுமுணுத்தாள்.

"இது கட்டின்னா, இவரோட மூத்திரப் பை எங்க?"

தேடினாள். இல்லை. முதல் ரிப்போர்ட்டில், 'கட்டி அழுத்துவதால் சுருங்கியிருக்கலாம்' என்று எழுதியிருந்தது. சுருங்கினாலும் தோலாவது தெரிய வேண்டுமே?

"ஊசி போடு" என்றாள்.

சிவந்தி கை நரம்பில் மருந்தை ஏற்றினாள். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிகிற மருந்து. ரத்தத்தோடு கலந்து உடம்பெல்லாம் சுற்றும். அதை வடிகட்டி வெளியே தள்ளுகிற வேலை கிட்னியுடையது. அடுத்த படங்களில் வரதனின் இரண்டு கிட்னியும் தீபாவளி மத்தாப்பு போலப் பளிச்சென்று எரிந்தன. நன்றாக வேலை செய்கின்றன. பை மட்டும் கறுப்பாகவே கிடந்தது.

"எழுப்பிடலாமா மேடம்?"

"வேணாம். இருபது நிமிஷம் அப்படியே படுத்திருக்கட்டும். கிட்னி தள்ளுற மருந்து எங்க போய்ச் சேருதுன்னு பார்ப்போம். கட்டிக்குள்ள போக அதுக்கு வழி கிடையாது."

ஐந்து நிமிடம். பத்து. உள்ளே வரதன் இரண்டு கால்களையும் பின்னிக்கொண்டு, மேற்கூரையை வெறித்துக்கொண்டிருந்தான். பதினைந்து. அவன் உதடுகள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன. இருபது.

சிவந்தி பட்டனை அழுத்தினாள்.

திரையில் அந்தக் கறுப்புப் பை. அதன் அடியில், டீ கிளாஸில் கலக்காத பால் போல, வெள்ளை வெளேரென்று மருந்து தேங்கியிருந்தது.

கார்குழலி நாற்காலியில் சாய்ந்தாள். முதலில் தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த ரமாபாயையும் கமாலையும் உள்ளே கூப்பிட்டாள். வரதனை எழுப்பிக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார்கள்.

"வரதண்ணே, பாத்ரூம்ல இன்னா பண்ணீங்கோ?"

மூன்றாவது மாடி இறங்கி வந்துவிட்டது.

"அது வந்து... போனேன் மேடம்."

"பொய்யி! உங்க வயித்துல கீறது கட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூத்திரம். ஒரு லிட்டருக்கு மேல ரொப்பி வெச்சிகினு கிறீங்கோ. பை நிரம்பி, போக வழி இல்லாம மேல கிட்னி வரைக்கும் தேங்கி நிக்கிது. உள்ள போய் இன்னா பண்ணீங்கோ?"

வரதன் தரையைப் பார்த்தான்.

"குழாய் தொறந்து வுட்டேன்."

"நேத்து அங்க?"

"அங்கியும் குழாய்தான்."

ரமாபாய் தலையில் கை வைத்துக்கொண்டாள். "யோவ்! உன் வயித்தை கிழிக்க நாள் குறிச்சிட்டாங்கய்யா! வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்ல இன்னாய்யா உனுக்கு?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்? பாஸ் ஆவணும்ல?"

"எதுல பாஸ்?" கார்குழலிக்குப் புரியவில்லை.

வரதன் கமாலைப் பார்த்தான். கமால் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூடு படத்தை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தான்.

"கமாலு..." ரமாபாயின் குரலில் எச்சரிக்கை இருந்தது.

"நான் இன்னா தப்பா சொன்னேன்?" கமால் திரும்பினான். "மேல ஏறுனா எட்டு மணி நேரம் எறங்க முடியாது டாக்டரம்மா. நூத்தி நாப்பது படி. மேல பாத்ரூம் கெடையாது. அடக்கத் தெரியாதவன் அங்க தொழில் பண்ண முடியாது. அப்போ கம்பெனி எங்களை ஸ்கேனுக்கு இன்னாத்துக்கு அனுப்புறான்? எவன் தாங்குவான்னு பார்க்கத்தான? தண்ணி குடிச்சிட்டு அடக்கிகினு வான்னு அவனே சீட்டுல எழுதிக் குடுக்கறான். அப்பால உள்ளாற போனதும் போயிட்டு வான்றான். அது கண்ணி. போனவன் அவுட்டு. எங்க ஆளுங்க பூரா பேருக்கும் தெரியுமே!"

சிவந்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க எப்படிப் பாஸானீங்க?" என்றாள் கார்குழலி, மறுபடி புத்தகத் தமிழுக்கு ஏறி.

கமால் குரல் இறங்கியது. "எனக்கு முட்டிகிச்சி. போயிட்டேன். பெயிலுன்னுதான் நெனச்சேன். எப்டியோ சர்ட்டிபிகேட் குடுத்துட்டாங்க."

"அடப்பாவி!" என்றான் வரதன்.

"சிவந்தி, அளவு ஜாடி ஒண்ணு எடு" என்றாள் கார்குழலி. "வரதண்ணே, குழாயத் தொட்டா கையை உடைப்பேன்."

ஒரு லிட்டர் நூறு மில்லி. சிவந்தி இரண்டு தடவை அளந்தாள்.

உடனே பக்கத்து அறையில் அல்ட்ராசவுண்ட். வயிற்றில் பசையைத் தடவிக் கருவியை ஓட்டினாள் கார்குழலி. பதினாறு சென்டிமீட்டர் மாயம். வலது கிட்னி வீக்கம் வடிந்து பழைய அளவுக்கு வந்திருந்தது. இடது கிட்னி மட்டும் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தது.

"இதுக்குக் காரணம் வேற. சி.டி.யில பார்த்தேன். கிட்னியில இருந்து இறங்குற குழாய்ல ஒரு கல். அஞ்சு மில்லிமீட்டர். பச்சைப்பயறு அளவு. உங்க விலா வலி இதான். தண்ணியே குடிக்காம மேல உட்கார்ந்தா கல்லு வராம என்ன வரும்? மாத்திரை தரேன், தண்ணி குடிச்சா தானா விழுந்துடும்."

சர்ஜனுக்கு அவளே போன் செய்தாள். அந்தப் பக்கம் சிரிப்பு. "தியேட்டர்ல மயக்கம் குடுத்து டியூப் போட்டதும் ஜாடி நிரம்பியிருக்கும். என் மானம் நர்ஸுங்க முன்னாடி போயிருக்கும். காப்பாத்தினீங்க டாக்டர்."

சர்ட்டிபிகேட் எழுத உட்கார்ந்தாள். முதல் பக்கம்: கிரேன் இயக்கத் தகுதி உண்டு. இரண்டாம் பக்கம்: தினமும் மூன்று லிட்டர் தண்ணீர். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் கீழே இறங்கி வர வேண்டும்.

வரதன் முகம் தொங்கிவிட்டது. "மேடம், அந்த ரெண்டாவது பக்கம் வேணாம் மேடம். அதைப் பார்த்தா மேனேஜர் ஏத்த மாட்டாரு. என் சீட்டு பூடும்."

"அந்தப் பை ரப்பர் மாதிரி. தினம் இப்படி இழுத்தா ஒரு நாள் சுருங்காது. அப்புறம் நிஜமாவே டியூபோடதான் வாழணும். ரெண்டு பக்கமும் சேர்ந்ததுதான் சர்ட்டிபிகேட்."

*

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்கால். கப்பல் வந்து நின்றுவிட்டது. புது கிரேன் மஞ்சள் பெயின்ட் வாசனையோடு அதன் தலைக்கு மேல் கையை நீட்டிக்கொண்டு நின்றது.

"ரெண்டாம் பக்கத்தை சட்டைக்குள்ள சொருகிக்க மாமு" என்றான் கமால். வேடிக்கை பார்க்க வந்திருந்தான். "மொத பக்கத்தைக் குடு, ஏறு. அவ்ளோதான்."

மேனேஜர் பரசுராமன் மேஜையில் நான்கு வாக்கிடாக்கிகள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தன. முதல் பக்கத்தைப் பார்த்தார்.

"ஃபிட். சரி, ஏறு. ஏழு மணிக்கு முதல் பெட்டி தரையில இருக்கணும்."

வரதன் ஜன்னல் வழியே கேபினைப் பார்த்தான். வெயில் பட்டு மின்னியது. பதினாறு வருடம் காத்திருந்து கிடைத்த சீட்டு. காலையில் ரமாபாய் பக்கத்தில் நின்று குடிக்க வைத்த ஒரு லிட்டர் தண்ணீர் உள்ளே கடிகாரம் போல நகர்ந்துகொண்டிருந்தது. ஷிப்ட் முடிகிற மத்தியானம் மூன்று மணி வரை அடக்க வேண்டும். நாளைக்கும். நாளை மறுநாளும்.

சட்டைக்குள்ளிருந்து இரண்டாம் பக்கத்தை எடுத்து மேஜையில் வைத்தான். பின்னால் கமால் "செத்தோம்" என்றது கேட்டது.

பரசுராமன் படித்தார். "மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்குவியா? கப்பலை நிறுத்தி வெச்சிட்டா? விளையாடறியா?"

"நிறுத்த வேணாம் சார். நான் எறங்கச் சொல்லோ கமாலு ஏறட்டும். அவன் எறங்க, நான் ஏறுறேன். ராத்திரிக்கு இதே மாதிரி ரெண்டு பேரு. பழைய ஒண்ணாம் நம்பர் கிரேனை நிறுத்திட்டீங்க. அதுல இருந்த வேதமாணிக்கமும் வெள்ளத்துரையும் கீழ நோட்டு எழுதிகினுதான கிறாங்க?"

"எட்டு மணி நேரம் தாங்க முடியாதவனுக்கு எதுக்குய்யா கிரேன்?"

"அதை நீங்க சொல்லாதீங்க சார்!" கமால் முன்னால் வந்தான். "போன வருஷம் மேல பாத்ரூம் கேட்டப்போ, தாங்கறவன் மட்டும் மேல ஏறுன்னு சொன்னது நீங்கதான். அதைப் புடிச்சிகினுதான் நாங்க ஸ்கேனையே பரீட்சைன்னு நெனச்சோம். இவன் வயித்தைத் தொறக்க நாள் குறிச்சாங்க. இதப் பாருங்க."

பையிலிருந்து சி.டி. ஃபிலிமை உருவி ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினான். கடல் வெளிச்சத்தில் அந்தப் பை பூசணிக்காய் போலத் தெரிந்தது.

பரசுராமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். "என்னய்யா இது, இவ்ளோ பெருசா?"

"அதான் சார் எட்டு மணி நேரம்" என்றான் வரதன்.

வாசலில் ஷிப்ட் முடிந்து இறங்கிய மற்ற ஆபரேட்டர்கள் சேர்ந்துவிட்டார்கள். "என்னுதும் இப்டித்தான் இருக்குமா நைனா?" என்று யாரோ கேட்டார்கள். "உன்னுது இதுக்கு மேல இருக்கும், நீ ஷிப்ட்டு முடிஞ்சி எப்டி ஓடுவ, பாத்துகினுதான கீறேன்" என்று பதில் வந்தது. பரசுராமன் மெல்ல பெல்ட்டை ஒரு துளை தளர்த்திக்கொண்டார்.

கப்பல் ஹாரன் அடித்தது.

"இன்னிக்கு ஒரு நாள் பார்க்கறேன்" என்றார். "ஆள் மாறும்போது கிரேன் ஒரு நிமிஷத்துக்கு மேல சும்மா நின்னுது, ரெண்டு பேரும் நோட்டு எழுதப் போயிடுவீங்க."

ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது முதல் பெட்டி லாரியில் உட்கார்ந்தது. ஒரே தடவை, நாலு மூலையும் பொருந்தி. வரதன் பாட்டிலை எடுத்துக் குடித்தான். கிரேன் கேபினில் அவன் குடித்த முதல் தண்ணீர்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே கமால் மூச்சிரைக்க மேலே வந்துவிட்டான். கீழே பரசுராமன் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு லாரி நகர்ந்து அடுத்த லாரி வந்து நிற்கிற இடைவெளிக்காக இருவரும் காத்திருந்தார்கள். லாரி நகர்ந்தது. வரதன் எழுந்தான். கமால் உட்கார்ந்தான். அடுத்த லாரி நின்றபோது அதன் தலைக்கு மேல் பெட்டி காத்திருந்தது.

முப்பத்தைந்து செகண்டு.

பரசுராமன் வாட்சை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். வாக்கிடாக்கியை எடுத்தார்.

"வேதமாணிக்கம், வெள்ளத்துரை! நோட்டை வெச்சிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குங்கடா. ராத்திரி ரெண்டு பேரும் புது கிரேன்."

பிற்பகல் ஒரு மணிக்கு வரதன் மறுபடி ஏறி சீட்டில் உட்கார்ந்தான். முழங்கால் கண்ணாடியில் இடித்தது.

வாக்கிடாக்கியை எடுத்தான். "டேய் கமாலு! சீட்டை இன்னாத்துக்குடா முன்னாடி தள்ளி வெச்சிகீற?"

"நீ நெட்டை, நான் குட்டை" என்றது நூற்றிப் பத்தாவது படியிலிருந்து ஒரு குரல். "ஏறும்போது பின்னால தள்ளிக்க, எறங்கும்போது முன்னால தள்ளி வெச்சிடு."

"பதினாறு வருஷமா என் ஷிப்ட்டுல என் சீட்டை எவனும் தொட்டது இல்லடா!"

"இனிமே தொடுவேன் மாமு. தினமும்."

"ரெண்டு பேரும் வாயை மூடிட்டு பெட்டியை எடுங்கடா" என்றார் பரசுராமன்.

வரதன் சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தான்.